தாவர மீளுருவாக்க ஆய்வில் நாம் விடும் பிழைகள்

வேலிக்கு ஊன்றிய பூவரசங் கதியால் மாரி மழையோடு தளிர்க்கிறது. இப்படி வெட்டிய துண்டிலிருந்து மீண்டும் செடி உருவாவதே மீளுருவாக்கம். வெட்டுண்ட தடியின் டிஎன்ஏ எழுத்துகள் மாறவில்லை. எந்தப் பரம்பரையலகு திறந்திருக்க வேண்டும், எது பூட்டிக் கிடக்க வேண்டும் என்று சொல்லும் அடையாளங்கள் மாறுகின்றன. அதைப் படிப்பதுதான் எபிஜெனெற்றிக்ஸ். கிளிநொச்சி அறிவியல்நகரிலிருந்தோ வவுனியாவிலிருந்தோ இதில் கலாநிதிப் பட்டம் செய்ய நினைக்கும் பிள்ளைகளுக்காக இதை எழுதுகிறேன்.

முதற்பிழை, ஒப்பீட்டில் வருவது. இலையையும் அதிலிருந்து ஆய்வுகூடத்தில் வளர்த்த கலசையும் (வெட்டிய இழையத்தில் திரளும் கலத்திரளையும்) எடுத்து, மெதைலேற்றத்தில், அதாவது டிஎன்ஏ எழுத்தில் மெதைல் கூட்டம் ஒட்டும் அடையாளத்தில், ஆயிரக்கணக்கான வேறுபாடுகளைக் கண்டு, 'மீளுருவாக்கத்தின் காரணம் இதோ' என்று எழுதிவிடுகிறோம். கலசு வெறும் கலக்குவியல் இல்லை. ஆய்வுகூடங்களில் மாதிரியாக வளர்க்கும் அராபிடோப்சிஸ் என்ற சிறு செடியில், வித்திலையிலிருந்தும் பூவிதழிலிருந்தும் வளர்த்த கலசுகூடப் பக்கவேரின் முளையையே ஒத்திருக்கிறது என்று 2010இல் காட்டினார்கள். அப்படியானால் நீங்கள் கண்டதில் பெரும்பங்கு இலைக்கும் வேருக்கும் இடையிலுள்ள வேறுபாடாகவே இருக்கலாம். ஒரே கலசு வழியில் தளிர்விட்டதையும் விடாததையும், தளிர் தெரிய முன்னரே பல நாட்களில் எடுத்து ஒப்பிடுங்கள்.

இதற்கு எண்ணெய்ப்பனையை விட நல்ல பாடம் எனக்குத் தெரியாது. இழைய வளர்ப்பில் வந்த கன்றுகள் செழிப்பாக வளர்ந்து, சில வருடம் கழித்துப் பூக்கும்போதுதான் காய் உருக்குலைந்தது தெரியவந்தது. மொத்த மெதைலேற்றம் குறைந்திருப்பதை முன்னரே கண்டிருந்தார்கள். அது எந்தக் கன்று பழுதாகும் என்று சொல்ல உதவவில்லை. நல்ல குளோன்களையும் பழுதானவற்றையும் டிஎன்ஏயின் ஒவ்வோர் இடமாக ஒப்பிட்ட பிறகுதான், 2015இல், பூவுறுப்பை அமைக்கும் ஒரு பரம்பரையலகுக்குள் இருந்த 'கர்மா' என்ற தாவும் டிஎன்ஏத் துண்டு மெதைலேற்றத்தை இழந்ததே காரணம் என்று பிடிபட்டது. மொத்தச் சதவீதத்தோடு நின்றுவிடாதீர்கள்.

எங்கள் பனையிலேயே செய்ய வேண்டும் என்ற ஆசை எனக்கும் உண்டு. ஆனால் ஆணா பெண்ணா என்று அறியவே அது பூக்கும்வரை பத்து வருடத்துக்கு மேல் காத்திருக்க வேண்டும். நாலு வருடப் பட்டத்துக்கு நெல்லைப் பிடியுங்கள்.

மெதைலேற்றத்தை வாசிக்க டிஎன்ஏயைப் பைசல்பைற்று என்ற இரசாயனத்தில் இடும் முறையில், மெதைலேற்றமில்லாத சைற்றோசின்கள் (டிஎன்ஏயின் 'சி' எழுத்துகள்) முழுதாக யுராசில் என்ற வேறெழுத்தாக மாறாவிட்டால் பொய்யான மெதைலேற்றம் தெரியும். பச்சையவுருமணி டிஎன்ஏயில் மெதைலேற்றம் இல்லையென்று கொள்ளலாம் என்பதால், மாற்றத்தின் அளவை அதிலேயே சரிபாருங்கள். தாவரத்தில் 'சி'க்கு அடுத்து 'ஜி' வரும் சிஜி இடங்கள் மட்டும் போதாது. சிஎச்ஜி, சிஎச்எச் இடங்களையும் ('எச்' என்பது 'ஜி' அல்லாத எந்த எழுத்தும்) தனித்தனியே எண்ணுங்கள்.

மெதைலேற்றத்தைத் தடுக்கும் அசசைற்றிடின் என்ற மருந்தைப் போட்டதும் தளிர் கூடியது என்பது சான்றாகாது. அந்த மருந்து முழு மரபணுத்தொகுதியிலும் மெதைலேற்றத்தைக் குறைக்கும், கலங்களுக்கு நஞ்சும்கூட. சந்தேகிக்கும் அந்த ஓரிடத்தை மட்டும் மாற்றிப் பார்க்க வழி தேடுங்கள்.

வளர்ப்பில் வந்த மாற்றமெல்லாம் எபிஜெனெற்றிக் மாற்றமுமில்லை. டிஎன்ஏ எழுத்தே மாறியிருக்கலாம், நிறமூர்த்தம் முறிந்திருக்கலாம். அதே மாதிரியின் டிஎன்ஏத் தொடரையும் வாசித்து, விதை எடுத்து அடுத்த தலைமுறையையும் பாருங்கள்.

மாதிரியை வெட்டியவுடன் திரவ நைதரசனில் போடுங்கள். கரண்ட் நின்றால் ஆழ்உறைவிப்பான் எவ்வளவு நேரம் தாங்கும் என்பதை முதல் மாதத்திலேயே அளந்து, ஒவ்வொரு மாதிரியிலும் பாதியை வேறொரு கட்டடத்தில் வையுங்கள்.