ஆலிஸை நம்பலாமா? குவாண்டம் ஸ்டியரிங்ல அடிக்கடி நடக்கிற தப்புங்க

கதை சிம்பிள்தான். ஆலிஸ் ஒரு ஊர்ல, பாப் இன்னொரு ஊர்ல, ஆளுக்கு ஒரு ஃபோட்டான் (ஒளித் துகள்). ரெண்டும் என்டாங்கிள் ஆகியிருக்குன்னு, அதாவது சாதா பொருள்ல வராத அளவுக்கு ஒண்ணோட ஒண்ணு பின்னிப் பிணைஞ்சிருக்குன்னு, ஆலிஸ் சத்தியம் பண்றா. பாப்புக்கு தன்னோட மெஷின் மேல நம்பிக்கை உண்டு, ஆலிஸ் மேலயும் அவ மெஷின் மேலயும் துளி நம்பிக்கை கிடையாது, ஃபோட்டானை அனுப்புறதே அவளாக்கூட இருக்கலாம். இந்த நிலைமைல பாப் எப்படி உறுதி பண்ணிக்கிறான்ங்கிறதுதான் ஸ்டியரிங் டெஸ்ட். 1935ல இயற்பியலாளர் ஸ்ரோடிங்கர் வெச்ச பேரு இது, ஆனா இப்படி "யாரை நம்புறோம்"னு தெளிவா வரையறுத்தது 2007ல வைஸ்மன், ஜோன்ஸ், டோஹர்டி மூணு பேரும்தான். அந்த எழுபது வருஷ இடைவெளிதான் பாதி குழப்பத்துக்கு காரணம்னு எனக்கு தோணும்.

முதல் தப்பு பேர்லயே ஆரம்பிக்குது. ஸ்டியரிங்னதும் ஆலிஸ் இங்க வண்டிய திருப்புனா அங்க பாப்போட ஃபோட்டான் திரும்பும், அப்போ மெசேஜ் அனுப்பலாம்னு நெனச்சுக்கிறாங்க. முடியாது. ஆலிஸ் தன் ஃபோட்டானோட போலரைசேஷன (ஒளி அதிர்ற திசைய) செங்குத்து-கிடைன்னு அளந்தா பாப்கிட்ட பாதி தடவை செங்குத்து பாதி தடவை கிடை, 45 டிகிரி சாய்வுல அளந்தா பாதி இந்த சாய்வு பாதி அந்த சாய்வு, ரெண்டையும் கலந்து பார்த்தா பாப் கண்ணுக்கு அதே குழம்புதான். ஆலிஸ் தன் ரிசல்ட்ட போன் போட்டு சொன்ன பிறகுதான் அவனால பிரிச்சு பார்க்க முடியும்.

அடுத்தது என்டாங்கிள்மென்ட், ஸ்டியரிங், பெல் டெஸ்ட் (ரெண்டு பேர் மெஷினையுமே நம்பாம பண்ற டெஸ்ட்) மூணும் ஒண்ணுதான்னு அடிச்சு விடுறது. ஒரு நம்பர வெச்சே பார்ப்போம். ரெண்டு பேரும் ஒரே திசைல அளக்கும்போது பொருந்துற பங்குல இருந்து பொருந்தாத பங்க கழிச்சா வர்றது கோரிலேஷன், முழுசா பொருந்தினா 1. பெல் ஸ்டேட்னா முழுசா என்டாங்கிள் ஆன ஜோடி, அதுல நாய்ஸ் கலந்தத (வெர்னர் ஸ்டேட்னு சொல்வாங்க) எடுத்து மூணு திசைல அளந்தா சராசரி 0.45 வருதுன்னு வெச்சுக்கோங்க. ரெண்டு பேரையும் நம்புனீங்கன்னா எல்லை வெறும் மூணுல ஒண்ணு, அதாவது 0.33, தாண்டியாச்சு, என்டாங்கிள்மென்ட் இருக்கு. ஆலிஸை நம்பலைன்னா அதே 0.45 எதுக்கும் உதவாது, ஏன்னா இந்த ஸ்டேட்ல 0.5க்கு மேல போனாத்தான் ஸ்டியரிங்கே சாத்தியம். சரி, 0.65 வந்தா? மூணு திசைக்கான ஸ்டியரிங் எல்லை 0.577, தாண்டிடுச்சு. ஆனா யாரையுமே நம்பாத பெல் டெஸ்ட் வெச்சா, அதோட குவாண்டம் உச்சமான 2.828ஐ 0.65ஆல பெருக்கணும், 1.84தான் வரும், அங்க 2ஐ தாண்டணும், ஃபெயில். இது பேப்பர்ல மட்டும் உள்ள கணக்கு இல்ல, பெல் டெஸ்ட்ட மீறவே முடியாத ஸ்டேட்ட வெச்சு ஸ்டியரிங் காட்ட முடியும்னு 2010ல ஆஸ்திரேலியால சோன்டர்ஸ் குழு செஞ்சே காட்டுனாங்க. அதனால "என் லேப்ல 0.65 வந்துச்சு, போதுமா"ன்னு கேட்டா, யாரை நம்புறீங்கன்னு திருப்பி கேக்காம யாராலயும் பதில் சொல்ல முடியாது.

இந்த எல்லை எத்தனை திசைல அளக்கறோம்ங்கிறத பொறுத்து மாறும், அத மறந்துட்டு ரெண்டு திசை டேட்டாவ எடுத்து மூணு திசை எல்லையோட ஒப்பிடுறவங்கள நெறைய பார்த்திருக்கேன் (பொய் எதுக்கு, ப்ராஜெக்ட் பண்றப்போ நானே ஒரு வாரம் அப்படி சந்தோஷமா சுத்திட்டு இருந்தேன்). ரெண்டு திசைக்கு எல்லை 0.707. எங்க இருந்து வருதுன்னு தெரிஞ்சிட்டா மறக்காது. ஆலிஸ்கிட்ட என்டாங்கிள்மென்ட்டே இல்ல, ஏமாத்தணும். பாப் செங்குத்துல அளப்பானா 45 டிகிரில அளப்பானான்னு தெரியாது. ரெண்டுக்கும் நடுவுல, 22.5 டிகிரில ஒரு சாதா ஃபோட்டான அனுப்பிடுவா. பாப் எதுல அளந்தாலும் நூத்துக்கு 85 தடவை அவ சொன்னபடி வரும், 15 தடவை தப்பா வரும், கழிச்சா சுமாரா 0.7. திருட்டு ஆலிஸோட உச்சம் அதுதான், அதுக்கு மேல போனாத்தான் விஷயம் இருக்கு.

இப்போ பெரிய தப்புக்கு வரேன், நெறைய பேர கவுத்தது இதுதான். காணாம போன ஃபோட்டான தூக்கி போட்டுட்டு மிச்சத்த மட்டும் கணக்கு பண்றது. டிடெக்டர் எல்லாத்தையும் பிடிக்காது, ஃபைபர்ல பாதி போயிடும், அதனால "ரெண்டு பக்கமும் க்ளிக் ஆனத மட்டும் எடுத்துக்கலாம்"னு தோணுறது இயல்பு. ஆனா நாம ஆலிஸை நம்பலையே! ஒரே ஒரு கேள்விய மட்டும் மனப்பாடம் பண்ணிட்டு பரீட்சைக்கு வர்றவன யோசிங்க, அந்த கேள்வி வந்தா எழுதுவான், வேற வந்தா வயித்துவலின்னு எழுந்து போயிடுவான், எழுதுன பேப்பர மட்டும் திருத்துனா நூத்துக்கு நூறு. ஆலிஸும் அதே மாதிரி ஒவ்வொரு தடவையும் ஏதோ ஒரு திசைய குத்துமதிப்பா எடுத்து அந்த திசைலயே ஃபோட்டான அனுப்புவா. பாப் அதே திசைய கேட்டா ரிசல்ட் சொல்லுவா, வேற கேட்டா "எனக்கு க்ளிக் ஆகல"ன்னு கைய விரிச்சிடுவா. ரெண்டு திசைனா பாதி தடவை காணாம போகும், மிச்ச பாதில கோரிலேஷன் 1. பெர்ஃபெக்ட்! என்டாங்கிள்மென்ட் மட்டும்தான் இல்ல.

இதுலயே ஒரு நல்ல சேதியும் ஒளிஞ்சிருக்கு. திசை ரெண்டுனா ஆலிஸ் குறைஞ்சது பாதி தடவைக்கு மேல பதில் சொல்லியாகணும், பத்துனா பத்துல ஒரு பங்குக்கு மேல சொன்னா போதும். திசைய கூட்ட கூட்ட தொலைவு அதிகமானாலும் சமாளிக்கலாம், ஆனா லாஸ் கூடுனா தாண்ட வேண்டிய கோரிலேஷன் எல்லையும் மேல ஏறும், அத கணக்குல சேர்க்கணும். 2012ல பிரிஸ்பேன் க்ரிஃபித் யுனிவர்சிட்டி குழு 1 கிலோமீட்டர் ஃபைபர்ல, மொத்தமா 87 சதவீதம் லாஸ் இருந்தும், ஒரு க்ளிக்க கூட ஒளிக்காம ஸ்டியரிங் காட்டுனது இந்த வழிலதான். பெல் டெஸ்ட்ல அந்த மாதிரி லாஸ நெனச்சுக்கூட பார்க்க முடியாது, அங்க சாதா பெல் ஸ்டேட்டுக்கு 83 சதவீதம் கிட்ட டிடெக்ட் ஆகணும்.

"இவ்வளவு சந்தேகம் தேவையா, யாரு இப்படி ஏமாத்த போறா"ன்னு கேக்கறவங்களுக்கு ஒரு உதாரணம். 2011ல ஒரு குழு டிடெக்டர பலமான வெளிச்சம் போட்டு குருடாக்கி, எந்த தடவை க்ளிக் ஆகணும்னு வெளில இருந்தே ஆட்டி வெச்சு, என்டாங்கிள்மென்ட்டே இல்லாம பெல் டெஸ்ட்ட பொய்யா பாஸ் பண்ண வெச்சு பப்ளிஷும் பண்ணுனாங்க. ஓட்டை இதேதான், க்ளிக் ஆகாத தடவைகள கண்டுக்காம விட்டது.

பாப் பக்க லாஸ் வேற கதை. அவன நாம நம்புறதால அவன்கிட்ட க்ளிக் ஆகாதத தூக்கி போடலாம், தேவையில்லாம அதையும் தண்டனையா சேர்த்துக்கிட்டு அழுறவங்க உண்டு. ஆனா அந்த நம்பிக்கை சும்மா வராது. அவனோட ரெண்டு டிடெக்டர்ல ஒண்ணு மந்தமா இருந்தாலோ, 45 டிகிரின்னு நெனச்சு வெச்ச வேவ்ப்ளேட் (அளக்கற திசைய திருப்புற தகடு) உண்மைல 43ல நின்னாலோ 0.707ங்கிற எல்லையே தப்பாயிடும். அளக்க ஆரம்பிக்கறதுக்கு முன்னாடி காலிப்ரேஷன பாருங்க, ரிசல்ட் வந்த பிறகு இல்ல.

வரிசையும் முக்கியம். பாப் ஃபோட்டான் கைக்கு வந்த பிறகுதான் எந்த திசைன்னு முடிவு பண்ணி சொல்லணும், முன்னாடியே சொன்னா கொஸ்டின் பேப்பர் லீக்தான், ஆலிஸ் அதே திசைல அனுப்பிட்டு ஜாலியா இருப்பா. ப்ரோக்ராம்ல அடுத்த செட்டிங்க முன்கூட்டியே ரெண்டு பக்கமும் லோட் பண்ணி வெக்கிற பழக்கம் இருந்தா, இத ஒரு தடவை செக் பண்ணுங்க.

இன்னொண்ணு, ஆலிஸ் பாப்ப ஸ்டியர் பண்ண முடிஞ்சா பாப்பும் ஆலிஸை பண்ணலாம்னு அர்த்தம் இல்ல. 2012லயே ஹனோவர்ல லேசர் ஒளிய வெச்சு ஒரு பக்கம் மட்டும் வேலை செய்யுற ஸ்டியரிங்க காட்டிட்டாங்க. ரிசல்ட் எழுதும்போது யார் யாரைன்னு சேர்த்து எழுதுங்க.

கடைசியா, டெஸ்ட் ஃபெயில் ஆனதும் "என்டாங்கிள்மென்ட் இல்ல"ன்னு எழுதிடாதீங்க. ஃபெயில்னா "இந்த டெஸ்ட்டால நிரூபிக்க முடியல", அவ்வளவுதான். மூணு திசைல 0.55 வந்தா 0.577ஐ தாண்டல, சரி. ஒரு திசைய கூட்டி கியூபோட நாலு மூலைவிட்டத்துல அளந்தாலும் எல்லை அதே 0.577, வீண் வேலை. ஆறு திசைக்கு போங்க, இருபது முகம் உள்ள ஐகோசஹீட்ரன் மூலைங்க பக்கமா. அங்க எல்லை 0.5393, நாய்ஸ் எல்லா திசைலயும் ஒரே மாதிரி இருந்து லாஸும் பெருசா இல்லைன்னா அதே ஸ்டேட் பாஸ் ஆயிடும்.