புதுச்சேரி, கடலூர் பஸ்: ஏறும்முன் ‘எந்த வழி?’ என்று கேளுங்கள்

வெளியூரிலிருந்து புதுச்சேரிக்கு வருகிறவர்கள் அதிகம் செய்யும் தவறு, போர்டில் ஊர்ப் பெயரை மட்டும் பார்த்துவிட்டு ஏறி உட்கார்ந்துவிடுவதுதான். சென்னையிலிருந்து மாமல்லபுரம் வழியாக ஈசிஆரில் (கிழக்குக் கடற்கரைச் சாலையில்) ஒரு பஸ் வரும், செங்கல்பட்டு, திண்டிவனம் வழியாக இன்னொன்று வரும். ஜிப்மர் மருத்துவமனை இருப்பது திண்டிவனம் சாலையில், கோரிமேட்டில். திண்டிவனம் பஸ்ஸில் வந்தால் ஊருக்குள் நுழையும்போதே ஜிப்மர் வாசலில் இறங்கிக்கொள்ளலாம். இது தெரியாமல், ஸ்கேன் ஃபைல்களை மஞ்சப்பையில் வைத்துக்கொண்டு, நடக்க முடியாத அப்பாவையும் அழைத்துக்கொண்டு புது பஸ் ஸ்டாண்டு வரை போய், அங்கிருந்து வந்த வழியே ஆட்டோவில் திரும்புகிறவர்களைப் பார்த்தால் மனசு கஷ்டப்படுகிறது. ஏறும்போதே கண்டக்டரிடம் “அண்ணே, ஜிப்மர் போகுமா?” என்று ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள். ஈசிஆர் பஸ்தான் கிடைத்தது என்றாலும் பரவாயில்லை, ராஜீவ் காந்தி சிலையில் இறங்கி கோரிமேடு போகும் டவுன் பஸ்ஸோ, பலரையும் ஏற்றிச் செல்லும் ஷேர் டெம்போவோ பிடியுங்கள். காலாப்பட்டு பல்கலைக்கழகத்துக்குப் போகிறவர்களுக்கு நேர்மாறு, அவர்களுக்கு ஈசிஆர் பஸ்தான் சரி.

திரும்பிப் போகும்போதும் இதே கதைதான். கிளாம்பாக்கம், தாம்பரம் பக்கம் போக வேண்டியவர் திண்டிவனம் பஸ்ஸில் ஏற வேண்டும், திருவான்மியூர் பக்கம் என்றால் ஈசிஆர். மாறி ஏறினால் சென்னைக்குள் நுழைந்த பிறகு ஊரைக் குறுக்கே கடக்கவே தனியாக நேரம் வேண்டும்.

கடலூருக்குப் போகிறீர்களா? புதுச்சேரியிலிருந்து வரும் பஸ் அரியாங்குப்பம், கன்னியக்கோயில் தாண்டி, பெண்ணையாற்றுப் பாலம் ஏறி இறங்கி, முதலில் மஞ்சக்குப்பத்துக்குத்தான் வரும். அரசு மருத்துவமனை, சில்வர் பீச் போகிறவர்கள் அங்கேயே இறங்கிவிட வேண்டும். அசந்து உட்கார்ந்திருந்தால் கெடிலம் ஆற்றையும் தாண்டித் திருப்பாதிரிப்புலியூர் பஸ் ஸ்டாண்டில் போய்த்தான் இறங்குவீர்கள். அப்புறம், கடலூர் அரசு டவுன் பஸ்களில் 2021 முதல் பெண்களுக்குக் கட்டணம் இல்லை என்பதை நம்பி புதுச்சேரி–கடலூர் பஸ்ஸில் டிக்கெட் எடுக்காமல் இருந்துவிடாதீர்கள், அந்தச் சலுகை இதில் செல்லாது. தனியார் பஸ்ஸிலும் கிடையாது.

ரயிலில் வருகிறவர்கள் கவனிக்க வேண்டியது ஸ்டேஷன் பெயர். பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் இருப்பது திருப்பாதிரிப்புலியூர். ‘கடலூர் துறைமுகம்’ என்பது முதுநகரில், அதாவது ஓ.டி. (ஓல்டு டவுன்) என்கிற பகுதியில் இருக்கிறது, இரண்டுக்கும் நடுவே நல்ல தூரம். ராத்திரி வண்டியில் தூக்கக் கலக்கத்தோடு மாற்றி இறங்கினால் பாடுதான். புதுச்சேரிக்கும் கடலூருக்கும் நேர் ரயில் பாதை கிடையாது, விழுப்புரம் சுற்றித்தான் வர வேண்டும், அதனால் இந்தத் தூரத்துக்கு பஸ்ஸே நல்லது.

புதுச்சேரிக்குள் சுற்ற டெம்போதான் மலிவு, எனக்குப் பிடித்ததும் அதுதான். இறங்கும் இடத்தை ஏறும்போதே சொல்லிவிட்டுச் சில்லறையைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள், 500 ரூபாய் நோட்டை நீட்டினால் எல்லோருக்கும் தாமதம். ஆட்டோ என்றால் உட்காரும் முன்பே வாடகையைப் பேசி முடித்துவிடுங்கள், இங்கே மீட்டர் போடுவதை எதிர்பார்க்க முடியாது. கடற்கரைச் சாலையில் மாலை 6 மணிக்கு மேல் வண்டிகளை விடமாட்டார்கள், வயதானவர்களை காந்தி சிலை வரை வண்டியிலேயே கொண்டுபோய் இறக்க வேண்டுமென்றால் அதற்கு முன்பே போய்விடுங்கள்.