நிலத்தோற்றக் குறிகாட்டிகளை வகுக்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

யாழ்ப்பாணக் குடாநாட்டின் கிராம நிலங்களை மதிப்பிடப் புறப்படும் பலர், நிலத்தின் நிலையை அறிய எவற்றை அளப்பதென்று வேறொரு நாட்டுக்கென வகுத்த குறிகாட்டிப் பட்டியலை முன்வைத்தே தொடங்குகின்றனர். ஆற்று நீரின் தரமும் காட்டின் பரப்பும் அதில் முதலிடம் பெறும். மாரியில் மட்டும் ஓடும் வழுக்கையாற்றைத் தவிர ஆறென்று சொல்ல எதுவுமில்லாத இம்மண்ணில் அவற்றால் அறியக்கூடியது மிகச் சொற்பம். சுண்ணக்கல்லின்மேல் படிந்த செம்மண் தோட்டங்கள், மானாவாரி வயல்கள், பனங்கூடல்கள், தரவைகள் எனும் மேய்ச்சல் வெளிகள், கிணறுகள், உயிர்த்தடிகளை நட்டு வளர்த்த கதியால் வேலிகள் ஆகியவையே இந்நிலத்தின் இயல்பு. குறிகாட்டிகளையும் இவற்றிலிருந்தே எடுக்க வேண்டும்.

செய்மதிப் படத்தில் பச்சையாகத் தெரிவதெல்லாம் நிலத்தின் நலமென்று கொள்வது அதைவிடப் பெரிய தவறு. 1990இல் போரால் மக்கள் இடம்பெயர்ந்த, குடாநாட்டின் வலிகாமம் வடக்கில் தோட்டங்கள் பற்றைக்காடாகின. அந்தப் பசுமை, உழைத்த கைகள் இல்லாமற் போனதன் அடையாளம். மறுபுறம், ஒரு படப்புள்ளியே தரையில் 30 மீற்றர் அகலத்தைக் காட்டும் லான்ட்சாட் செய்மதிப் படத்தில் கிளுவையும் பூவரசும் நட்ட வேலி தனித்துத் தெரியாது. வேலி அழிந்து மதில் எழுவதை அறிய, ஒழுங்கை வழியே நடந்து, இரண்டின் நீளத்தையும் அளப்பதே வழி.

கிணற்று நீரில்தான் மிகுந்த கவனம் வேண்டும். வடகீழ்ப் பருவமழை ஓய்ந்த தை மாதத்தில் நன்றாயிருக்கும் நீர், ஆவணியில் உவர்த்துக் கிடக்கலாம். நன்னீர் உவர்நீரின்மேல் மிதப்பதால், மேல்மட்டத்தில் வாளியால் அள்ளிய நீரும், நெடுநேரம் இறைத்தபின் அடியிலிருந்து வரும் நீரும் ஒன்றல்ல. எந்தக் கிணறு, எந்த மாதம், எவ்வளவு ஆழம், இறைப்புக்கு முன்னா பின்னா என்று குறிக்காத அளவீடுகள் எத்தனை ஆண்டு சேர்ந்தாலும் ஒப்பிட உதவா. நைத்திரேற்று, உலக சுகாதார நிறுவனம் குடிநீருக்குக் குறித்த லீற்றருக்கு 50 மில்லிகிராம் எல்லையைத் தாண்டியதா என்று மட்டும் எழுதுவதும் போதாது. அது தோட்டத்துப் பசளையால் வந்ததா, அருகிலுள்ள மலகூடக் குழியால் வந்ததா என்பதைப் பொறுத்துப் பரிகாரம் வேறுபடும். ஆகவே கிணற்றைச் சூழ உள்ளவற்றையும் பதிய வேண்டும்.

எல்லாவற்றையும் கூட்டி ஒற்றை மதிப்பெண்ணாக்குவதையும் நான் ஏற்கமாட்டேன். சின்ன வெங்காயத்துக்குக் கிடைத்த நல்ல விலை, அதே தோட்டத்துக் கிணறு உவராகிவருவதை அந்தக் கூட்டுத்தொகைக்குள் மறைத்துவிடும். நீர், மண், வருமானம், தோற்றம் ஆகியவற்றைத் தனித்தனியே காட்டி, நீருக்குத் தாண்டக்கூடாத எல்லையொன்றைக் கமக்காரருடன் பேசி, அளவீடு தொடங்குமுன்பே குறித்துவைக்க வேண்டும்.