குன்னூர் பக்கம் வீட்டுக்குப் பின்னாடி தடுப்புச் சுவர் சாயுதா? முதல்ல தண்ணிய பாருங்க

நீலகிரியில வீடு கட்டுறதுன்னா சரிவ வெட்டித்தான் தளம் எடுக்கணும், வெட்டின மண்ணு சரியாம இருக்க கருங்கல்லுல ஒரு தடுப்புச் சுவர் போட்டுருப்போம். சில வருஷம் போனதும் அது வயிறு தள்ளிட்டு நிக்கும், உடனே கொத்தனார கூப்பிட்டு விரிசல்ல சிமெண்ட் பூசிடுறாங்க. தயவு செஞ்சு அத மட்டும் செய்யாதீங்க. சுவர தள்றது மண்ணு மட்டும் இல்லங்க, மண்ணுக்குள்ள தேங்குற தண்ணிதான் பெரிய ஆளு, 1 மீட்டர் ஒசரத்துக்கு தண்ணி நின்னாலே அடியில ஒரு சதுர மீட்டருக்கு 1 டன் அழுத்தம் வருது. விரிசல பூசினா அதுவரைக்கும் கசிஞ்சு வெளிய வந்துட்டு இருந்த தண்ணியும் உள்ளயே நின்னுடும்.

முதல்ல தூக்குகுண்டு விட்டு எவ்வளவு சாஞ்சிருக்குன்னு அளந்து எழுதி வைங்க. விரிசலுக்கு குறுக்க கொஞ்சமா சிமெண்ட் வச்சு தேதி போட்டு விடுங்க, அது வெடிச்சா சுவர் இன்னும் நகருதுன்னு அர்த்தம். மேல ஏறி மண்ணையும் பாருங்க, சுவருக்கு இணையா நீளமா வெடிப்பு ஓடுச்சுன்னா இது சுவர் பிரச்சனை இல்ல, சரிவே இறங்குது, அப்ப கைவேலை எல்லாம் வேண்டாம், சுவருக்கு கீழ இருக்குற ரூம்ல யாரையும் படுக்க விடாம நேரா இன்ஜினியர கூப்பிடுங்க. 2009 நவம்பர் மழையில இந்த மாவட்டத்துல மண் சரிஞ்சு எத்தனை உயிர் போச்சுன்னு பார்த்தவங்களுக்கு இது புரியும்.

லேசா சாஞ்சு அப்படியே நிக்குதுன்னா சரி பண்ணலாம். மேல இருந்து வர்ற தண்ணிய மொதல்ல திருப்பி விடுங்க, கூரைத் தண்ணி, கிச்சன் தண்ணி, பக்கத்து வீட்டு டேங்க் வழியுறது, மேல இருக்குற செப்டிக் டேங்க் கசிவு எல்லாமே இதுல சேரும். அடுத்தது வீப் ஹோல், அதாவது உள்ள தேங்குற தண்ணி வெளிய வர்றதுக்கு சுவர்ல விடுற ஓட்டை. பழைய சுவர்ல ஓட்டை இருக்கும், ஆனா வேரும் மண்ணும் அடைச்சிருக்கும், கம்பி விட்டு குத்தி எடுங்க. இல்லவே இல்லன்னா சுமார் ஒன்றரை மீட்டருக்கு ஒண்ணுன்னு 3 இன்ச் பிவிசி பைப்ப வெளிப்பக்கம் சரியுற மாதிரி வைக்கச் சொல்லுங்க, மண் பக்கம் இருக்குற வாயில வலை கட்டாயம் வேணும்.

வயிறு தள்ளி கல்லு கழண்டு வருதுன்னா பிரிச்சு கட்டுறதுதான் வழி. ஜனவரியில இருந்து ஏப்ரலுக்குள்ள முடிச்சிடுங்க, மழையில தொடவே கூடாது. ஜேசிபி இறக்கணும்னா இங்க கலெக்டர் ஆபீஸ் அனுமதி வேணும், அத வாங்காம ஆரம்பிக்காதீங்க. முழு சுவரையும் ஒரே நாள்ல பிரிக்காம ரெண்டு மூணு மீட்டரா பிரிச்சு, அத கட்டி முடிச்சிட்டு அடுத்ததுக்கு போங்க, மேல இருந்துதான் கல்ல எடுக்கணும், கீழ ஒருத்தரும் நிக்கக்கூடாது. 4 அடிக்கு மேல ஒசரம்னா இன்ஜினியர் வரைபடம் இல்லாம கட்டாதீங்க, செலவு பார்க்குற இடம் இது இல்ல.

கட்டும்போது அடி அகலம் ஒசரத்துல பாதிக்கு குறையாம இருக்கட்டும், அஸ்திவாரம் கெட்டி மண்ணுல உக்காரணும், சுவரோட வெளி முகம் மண் பக்கமா லேசா சாயணும். சுவரோட அகலத்துல உள்ள வரைக்கும் போற நீளக்கல்லு அங்கங்க வரணும், ரெண்டு பக்கமும் அழகா அடுக்கி நடுவுல சின்னக் கல்ல கொட்டுற வேலைய அனுமதிக்காதீங்க, சுவர் ரெண்டா பிளக்குறதே அதனாலதான். சுவருக்கும் மண்ணுக்கும் நடுவுல ஒரு அடி அகலத்துக்கு ஜல்லி, ஜல்லிக்கும் மண்ணுக்கும் இடையில தண்ணிய மட்டும் விட்டு மண்ண தடுக்குற ஜியோடெக்ஸ்டைல் துணி, அடியில ஓட்டை போட்ட பைப். மண்ண அரை அடி அரை அடியா போட்டு இடிச்சுக்கிட்டே வரணும், மொத்தமா கொட்டினா அடுத்த மழைக்கே இறங்கிடும். மேல ஒரு வாய்க்கால் எடுத்து தண்ணிய ஓரமா கொண்டு போயிடுங்க. இடம் இருந்தா கேபியன் நல்ல சாய்ஸ், கம்பிக் கூண்டுல கல்லு அடுக்குறதுனால தண்ணி தானா வெளிய போயிடும். சுவருக்கு ஒட்டி சில்வர் ஓக் மாதிரி பெரிய மரம் வேண்டாம், புல்லு போதும்.

முதல் பெரிய மழை விட்டதும் போய் எல்லா பைப்பும் ஒழுகுதான்னு பாருங்க, பக்கத்து பைப் ஒழுகும்போது ஒண்ணு மட்டும் காஞ்சு கிடந்தா அன்னைக்கே கம்பி விட்டு குத்துங்க, கலங்கலா மண்ணோட வந்தா உள்ள துணி கிழிஞ்சிருக்கு, கொத்தனார கூப்பிட்டு அந்த இடத்த மட்டும் தோண்டி மாத்திடுங்க.