சிங்கிள் காயில் கிற்றார் குழுவில் அமுங்காமல் கேட்க

வீட்டில் தனியாக வாசிக்கும்போது அவ்வளவு தெளிவாக இருக்கிற சிங்கிள் காயில் பிக்கப் (கம்பியின் அதிர்வை மின்சைகையாக்கும் ஒற்றைச் சுருள்) கிற்றாரின் கிளீன் சத்தம் (டிஸ்டார்ஷன் கலக்காதது), வெள்ளவத்தைக் கல்யாண மண்டபத்தில் கீபோர்டும் பேஸும் சேர்ந்தவுடன் காணாமல் போகிறதா? அம்ப்பில் பேஸைக் குறையுங்கள், அப்புறம் மிடிலைத் தயங்காமல் கூட்டுங்கள். தனியாகக் கேட்டால் மூக்கால் பாடுவது போலத்தான் இருக்கும், பரவாயில்லை, 100 ஹெர்ட்ஸுக்குக் கீழே பேஸ் கிற்றாரும் கிக் ட்ரம்மும் எப்படியும் நிரப்பிவிடும், கிற்றார் எடுபடுவது பெரும்பாலும் 1 முதல் 3 கிலோஹெர்ட்ஸ் பகுதியில்தான். பலர் ட்ரெபிளை ஏற்றுகிறார்கள், அது சிம்பலோடு போய் மோதும். ரிவேர்ப் பாதி போதும், மண்டபமே மிச்சத்தைத் தந்துவிடும்.

கீபோர்ட்காரர் நடுச் சுரப் பகுதியில் இரண்டு கையாலும் கோர்ட் பிடித்தால் (பிடிப்பார்!) நீங்கள் ஆறு கம்பியையும் அடிக்காதீர்கள். ஐந்தாம் ஃபிரெட்டுக்கு மேலே மெல்லிய மூன்று கம்பிகளில் மட்டும் வெட்டி வெட்டி வாசியுங்கள், பைலாவுக்கு அதுதான் அழகும்கூட.

விளக்கு டிம்மரால் இரைச்சல் வந்தால், ஸ்ட்ராட் (ஃபெண்டர் ஸ்ட்ராட்டோகாஸ்டர்) வகைக் கிற்றாரில் பிக்கப் சுவிட்சை 2 அல்லது 4-ஆம் இடத்துக்கு (நடு பிக்கப்போடு பக்கத்துப் பிக்கப் ஒன்று சேரும் இடம்) மாற்றுங்கள். நடு பிக்கப் எதிர்த்திசையில் சுற்றப்பட்டதென்றால் பெருமளவு அடங்கிவிடும், ஆனால் சத்தமும் சற்று மெலியும், அதனால் மிடிலை இன்னும் கொஞ்சம் ஏற்றிக்கொள்ளுங்கள்.