ஹைவ்: கடைசிக் குழியை எறும்புக்கு விட்டுவைக்காதீர்கள்

ஹைவ் ஆட்டத்தின் விதிகளை ஒரு தே தாரிக் ஆறுவதற்குள் சொல்லி முடித்துவிடலாம். பலகை கிடையாது, பகடை கிடையாது. ஆளுக்குப் பதினொரு அறுகோணக் காய்கள்: ராணித் தேனீ 1, சிலந்தி 2, வண்டு 2, வெட்டுக்கிளி 3, எறும்பு 3. உங்கள் முறை வந்தால் கையில் இருக்கும் காயை வைக்கலாம், அல்லது வைத்த காயை நகர்த்தலாம். எதிராளியின் ராணியை ஆறு பக்கமும் அடைத்தால் வெற்றி. வெட்டு என்பதே இல்லை. மேசைக்கு வந்த காய் கடைசிவரை மேசையில்தான். ஜான் யியானி 2001இல் தம்முடைய ஜென்42 கேம்ஸ் நிறுவனத்தின் வழியாகவே இதை வெளியிட்டார். 2006இல் அறிவுத்திறன் மிக்கோரின் சங்கமான மென்சா சிறந்த ஆட்டங்களைத் தேர்ந்தெடுக்கும் மென்சா செலெக்ட் பட்டியலிலும் இடம்பிடித்தது.

எங்கள் வட்டாரச் சமூக மன்றத்தில் சனிக்கிழமை மாலைகளில் இதை ஆட வரும் பிள்ளைகளைப் பார்க்கிறேன். ஒருவர் பின் ஒருவராக ஒரே குழியில்தான் விழுகிறார்கள். நாங்களும் அங்கே விழுந்து எழுந்தவர்கள்தான் என்றாலும், வாயைக் கட்டிக்கொண்டு பார்த்திருக்க முடியவில்லை.

நான்காவது முறைக்குள் ராணியை வைக்க மறப்பது, சிலந்தியை மூன்று அடிக்குப் பதில் இரண்டு அடி நடக்கவிடுவது, வெட்டுக்கிளியை நேர்கோட்டை விட்டுத் தாவவிடுவது போன்றவற்றை நான் இங்கே தொடப்போவதில்லை. எதிரில் இருப்பவரே கையைப் பிடித்துத் திருத்திவிடுவார். யாரும் திருத்தாத தவறுகள்தான் ஆட்டத்தைப் பறிக்கின்றன.

சொந்த ராணியைச் சொந்தக் காய்களாலேயே அடைப்பது

ராணியைச் சுற்றி அடைக்கும் ஆறு காய்களும் எதிராளியுடையதாக இருக்க வேண்டும் என்று விதி சொல்லவில்லை. எந்த நிறமானாலும் கணக்குதான். பாதுகாப்பு என்று நினைத்து ராணியை ஒட்டியே மூன்று, நான்கு காய்களை வைக்கிறார்கள். மாலை நெரிசலில் ஜூரோங் ஈஸ்ட்டில் ரயில் கதவை மறித்து நிற்கும் கூட்டம் மாதிரி அவை அங்கேயே நிற்கும். ராணிக்கும் வழி கிடையாது, தாமும் விலகா. எதிராளிக்கு இரண்டு மூன்று காய்தான் மிச்ச வேலை.

ராணியை வைத்த பிறகு அடுத்தடுத்த காய்களை அவளிடமிருந்து ஓரிடம் தள்ளி வையுங்கள். ராணியைத் தொடும் காய் ஒவ்வொன்றுக்கும் காரணம் இருக்க வேண்டும். "வேறு இடம் தோணல" என்பது காரணம் ஆகாது.

வால் நீட்டுவது

மேசையில் ஒன்றையொன்று தொட்டு நிற்கும் காய்கள் எல்லாம் சேர்ந்ததுதான் கூடு. நகரும் காய் எடுபடும்போது மிச்சக் கூடு இரண்டு துண்டாக உடையக் கூடாது. இந்த ஒரு விதியின் மேல்தான் ஹைவ் முழுவதும் நிற்கிறது. உடையும் என்றால் அந்தக் காய் அசையாது. கட்டுண்ட காய் என்று சொல்லுவோம்.

புதியவர்கள் ஒரு காய்க்குப் பின்னால் இன்னொன்று, அதன் பின்னால் இன்னொன்று என்று நேராக வைத்துக்கொண்டே போவார்கள். அந்த வரிசையில் வால்நுனிக் காய் ஒன்றுதான் அசையும். மற்றவை எல்லாம் கட்டு. எதிராளியின் எறும்பு ஓடிவந்து அந்த நுனியில் ஒட்டிக்கொண்டால் நுனியும் போச்சு. ஒரே நகர்த்தலில் உங்கள் பக்கம் மொத்தமும் உறைந்துவிடும். அப்புறம் புதுக் காய் வைத்து வைத்துத் தள்ளாட வேண்டியதுதான். அந்தக் காய்களும் ஒருநாள் தீரும்.

வரிசையை வளைத்து விடுங்கள். வால் திரும்பிக் கூட்டின் இன்னொரு பக்கத்தைத் தொட்டு வளையம் ஆகிவிட்டால், வளையத்தில் உள்ள காய்களுக்குக் கட்டு அவிழும். ஒன்றை எடுத்தாலும் கூடு மறுபக்கம் வழியாகச் சேர்ந்திருக்கும். ஆனால் அதே வளையத்தில் எதிராளியின் காய்களும் இருந்தால் அவற்றுக்கும் விடுதலைதான். அதனால் வளையத்தை மூடுமுன் யாருக்கு எத்தனை காய் அவிழ்கிறது என்று பாருங்கள். ஒவ்வொரு முறையும் அசையும் காய் என் பக்கம் எத்தனை, அவர் பக்கம் எத்தனை என்று எண்ணிப் பழகியவரை எளிதில் தோற்கடிக்க முடியாது.

முதல் முறையிலேயே ராணி

போட்டிகளில் அனுமதி இல்லை. வீட்டிலும் வேண்டாம்.

வெட்டுக்கிளியைச் செலவழித்துவிட்டு எறும்பை நம்பி நிற்பது

எனக்கு இன்றைக்கும் எரிச்சல் மூட்டும் தவறு இது. பல வாரம் ஆடிப் பழகியவர்களும் செய்கிறார்கள். சதுரங்கம் தெரிந்தவர்கள் இன்னும் மோசம். எங்கள் புளோக்கின் கீழ்த்தளத்துக் கல் மேசையில் நாள் முழுக்கச் சீனச் சதுரங்கம் ஆடும் அங்கிள் ஒருவருக்குக் கற்றுக்கொடுத்தபோது, முதல் ஆட்டத்திலேயே "எது பலமான காய்?" என்றுதான் கேட்டார். எறும்பு என்றேன். கூட்டைச் சுற்றி எத்தனை இடம் வேண்டுமானாலும் ஓடும் என்பதால் அது உண்மைதான். அவ்வளவுதான், பலமான காயைக் கொண்டு முடிக்க வேண்டும் என்று அவர் மனத்தில் பதிந்துவிட்டது. இப்போது நான் அந்தக் கேள்விக்கு நேராகப் பதில் சொல்வதில்லை.

எறும்பு எவ்வளவு தூரம் ஓடினாலும் தரையில்தான் ஓடும். மேசையை விட்டுத் தூக்காமல், பக்கத்துக் காய்களை இடிக்காமல் விரலால் சறுக்கித் தள்ள முடிகிற இடத்துக்குத்தான் அது போகலாம். ராணி, சிலந்தி இரண்டுக்கும் இதே கட்டுப்பாடு. ஒரு காலி இடத்துக்குள் சறுக்கி நுழைய அந்த இடத்துக்கு வெளியே அடுத்தடுத்து இரண்டு காலி இடம் வேண்டும். இரண்டு காலி இருந்து, நடுவில் ஒரு காய் நின்றாலும் நுழைய முடியாது, வாசல் குறுகிவிடும். வண்டு மேலே ஏறி இறங்கும், வெட்டுக்கிளி நேர்கோட்டில் நிற்கும் காய்களைத் தாண்டித் தாவி விழும். அடிப்படைத் தொகுப்பில் குறுகிய குழிக்குள் இறங்கக்கூடிய காய்கள் இவை இரண்டே.

இப்போது ஆட்டத்தை நினைத்துப் பாருங்கள். ராணியைச் சுற்றி அடைப்பு ஏற ஏற, மிச்சம் இருக்கும் குழிகள் குறுகிக்கொண்டே போகும். முதல் மூன்று பக்கத்துக்கு எந்தக் காயும் போகலாம். கடைசிப் பக்கத்துக்கு எந்தக் காய் போகும் என்பதுதான் கேள்வி. புதியவர் என்ன செய்கிறார்? தாவல் கண்ணில் பட்டதும் வெட்டுக்கிளியைத் திறந்த இடத்தில் கொண்டுபோய் வைத்துவிடுகிறார். எறும்பு எங்கே வேண்டுமானாலும் போகுமே, கடைசிக்கு வைத்துக்கொள்வோம் என்கிறார். நேர் எதிராகச் செய்ய வேண்டிய வேலை.

என் அக்கா மகன் தொடக்கக் கல்லூரி மாணவன், கணக்கில் கெட்டிக்காரன். பிடோக் உணவங்காடி நிலையத்தில் தட்டுகளை ஓரம் தள்ளிவிட்டு ஆடிக்கொண்டிருந்தோம். என் ராணிக்கு நான்கு பக்கம் அடைபட்டிருந்தது. காலியாக இருந்த இரண்டும் பக்கத்துப் பக்கத்து இடங்கள். அவனுக்கு அசையும் காய் இரண்டு: ஓர் எறும்பு, ஒரு வெட்டுக்கிளி. எறும்பு அந்த இரண்டில் எதற்கும் போகலாம். வெட்டுக்கிளியின் கோடு ஓரிடத்தில்தான் விழும். நடுவே அவனுடைய சிலந்தியும் என் ராணியும் வரிசையாக நின்றன. அவன் வெட்டுக்கிளியைத் தாவவிட்டான்.

"மாமா, இன்னும் ஒரே இடம்தான். முடிஞ்சுது லா!"

மிச்சம் இருந்த குழிக்கு வெளியே மூன்று இடம். ஓரத்து இடம் ஒன்றில் ஏற்கெனவே ஒரு காய் நின்றது. நான் என் எறும்பை ஓட்டிவந்து நடு இடத்தில் வைத்தேன். வெளியே காலி ஒன்றுதான், வாசல் அடைந்தது. அவன் எறும்பு என் ராணியைச் சுற்றி எத்தனை வட்டம் போட்டாலும் உள்ளே வர வழியில்லை. அவன் வண்டு கூட்டின் மறுகோடியில் இருந்தது, முறைக்கு ஓரடி வைத்து வந்து சேர்வதற்குள் நான் அவன் ராணியை முடித்துவிட்டேன்.

அவன் முதலில் எறும்பை மற்ற இடத்தில் வைத்திருந்தால்? என் ராணிக்கு ஐந்து பக்கம் அடைந்திருக்கும். ஐந்து அடைந்த ராணி நகர முடியாது. வெளியேறும் இடத்தின் இருபுறமும் காய்கள் நெருக்கும். வெட்டுக்கிளியின் கோட்டில் நின்றவை அவன் சிலந்தியும் அசையாத என் ராணியும், கோட்டை உடைக்க என்னிடம் ஒன்றும் இல்லை. வெட்டுக்கிளியைக் கட்டிப்போடலாம் என்றால் அதை மட்டும் தொட்டுக்கொண்டு ஒட்ட வெறும் பக்கமே இல்லை. எங்கே ஒட்டினாலும் பக்கத்துக் காயையும் தொடும், கட்டு விழாது. என் வண்டும் எட்டும் தூரத்தில் இல்லை. அடுத்த முறை அவன் தாவியிருந்தால் அதோடு சரி. அதே இரண்டு காய்கள், அதே இரண்டு இடங்கள், வரிசை மட்டும் மாறியிருக்க வேண்டும்.

இதை அவனிடம் காய்களைத் திரும்ப அடுக்கிக் காட்டினேன். "ஓ" என்றான். அடுத்த ஆட்டத்திலும் வெட்டுக்கிளி மூன்றையும் பாதி ஆட்டத்துக்குள் முடித்துவிட்டான்.

ஆகவே எதிராளியின் ராணிக்கு மூன்றாவது பக்கம் அடைபடும்போதே ஆறாவது பக்கத்துக்குப் போகும் காய் எது என்று முடிவுசெய்துவிடுங்கள். அது வெட்டுக்கிளியாகவோ வண்டாகவோ இருக்கட்டும். அந்தக் காய் இப்போது அசையுமா, அதை எதிராளியின் எறும்பு கட்டிப்போட முடியுமா, தாவும் கோட்டில் அவர் விலக்கக்கூடிய காய் இருக்கிறதா என்று பாருங்கள். மூன்று கேள்விக்கும் நல்ல பதில் கிடைக்கும்வரை ஐந்தாவது பக்கத்தை அடைக்க அவசரப்பட வேண்டாம். தற்காக்கும் நிலையில் இருந்தால் இதைத் திருப்பிப் போடுங்கள்: எதிராளியிடம் எறும்பு மட்டும்தான் மிச்சம் என்று தெரிந்தால் ஓடிப்போக வேண்டியதில்லை, வாசலில் ஒரு காய் போதும்.

எறும்புக்கு வேறு வேலை இருக்கிறது. ஓடிப்போய் எதிராளியின் நல்ல காய்களைக் கட்டிப்போடுவது, திறந்த பக்கங்களை அடைப்பது, அவர் எறும்பு வெளியே வந்ததும் அதன் மேல் ஒட்டுவது. ஆட்டம் தொடங்கிய சூட்டிலேயே எறும்பை எதிராளி ராணியின் பக்கத்தில் கொண்டுபோய் நிறுத்துபவர்களும் உண்டு. ராணி ஓரடி நகர்ந்தால் அந்தப் படையெடுப்பு வீண்.

வண்டைத் தரையிலேயே நடத்துவது

வண்டு மெதுவானது என்று ஓரங்கட்டுகிறார்கள். ஓரடிதான், உண்மை. ஆனால் எதிராளி ராணியின் தலையில் ஏறி உட்கார்ந்துவிட்டால் ராணி அசையாது என்பதோடு, அந்த அடுக்கு உங்கள் நிறமாகவே கணக்காகும். புதுக் காயை வைக்கும்போது அது சொந்த நிறத்தை மட்டும்தான் தொட வேண்டும் என்பது விதி. வண்டு மேலே இருக்கும்போது ராணியை ஒட்டிய காலி இடம் எதிராளியின் வேறு காயைத் தொடாவிட்டால், கையில் இருக்கும் காயை நேராக அங்கேயே வைக்கலாம். நடந்து வர வேண்டாம், சறுக்கி நுழைய வேண்டாம். கையில் காய் மீதம் வைத்துக்கொண்டு வண்டை ஏற்றினால்தான் இதில் லாபம்; பதினொன்றையும் மேசையில் இறக்கிவிட்டு ஏற்றுபவரைப் பார்த்தால் பரிதாபமாக இருக்கும்.

காயைத் தூக்கிப் பார்ப்பது

நடுக்காயைத் தூக்கி "உடையுதா, இல்லையா?" என்று பார்க்காதீர்கள். மற்றவை நகர்ந்துவிடும், பிறகு எது எதைத் தொட்டது என்று சண்டை. கல் மேசையில் அச்சடித்த சதுரங்கக் கட்டங்களோடு காய்களை ஒட்டி அடுக்கும் வழக்கமும் வேண்டாம். அறுகோணம் அதில் உட்காராது.

முதல் நாளே விரிவாக்கக் காய்கள்

பாக்கெட் தொகுப்பை வாங்குபவர்களுக்குக் கொசுவும் பொறிவண்டும் பெட்டியிலேயே வந்துவிடுகின்றன, அதனால் உடனே சேர்த்து ஆடத் தோன்றும். பொறுங்கள். கொசு தொடும் காயின் நடையைக் கடன் வாங்கும். அடிப்படைக் காய்களின் நடை கைவராமல் கொசுவை வைத்தால் இருவருக்கும் தலைசுற்றல்தான். பொறிவண்டு கூட்டின் மேல் இரண்டடி நடந்து மூன்றாவது அடியில் கீழே இறங்கும். குறுகிய குழிக்குள் இறங்கும் காய் இன்னொன்று கூடுகிறது என்பதால் மேலே சொன்ன வாசல் கணக்கில் அதையும் சேர்த்துக்கொள்ள வேண்டும்.

பில்பக் என்ற இன்னொரு விரிவாக்கக் காயை இன்னும் தள்ளிப்போடுங்கள். அது பக்கத்தில் இருக்கும் ஒரு காயை, எந்த நிறமானாலும், தன் முதுகில் ஏற்றித் தன்னை ஒட்டிய வேறொரு காலி இடத்தில் இறக்கிவிடும். ஐந்து பக்கம் அடைந்த ராணி அசையாது என்று சொன்னேன் அல்லவா, பக்கத்தில் பில்பக் இருந்தால் அந்த உறுதி போய்விடும். எதிராளி ராணிக்குப் பக்கத்தில் பில்பக்கை வைத்திருந்தால் உங்கள் வண்டின் முதல் வேலை ராணியின் தலையில் ஏறுவது இல்லை, பில்பக்கின் தலையில் ஏறுவது. மூடப்பட்ட பில்பக் யாரையும் தூக்காது.