எல்லாக் காலத்துக்குமான இந்திய டெஸ்ட் அணி: நடுவரிசையைத் தேர்ந்தெடுப்பது எப்படி?

நகரியில் ஊர் ஆந்திரா, பேச்சு தமிழ், கிரிக்கெட் கமென்டரி பெரும்பாலும் தெலுங்கு. இங்கே டீக்கடையில் இந்த விவாதம் வந்தால், திருத்தணியிலிருந்து வந்தவர் சேப்பாக்கத்தில் விஸ்வநாத் ஆடியதைச் சொல்வார். புத்தூர்க்காரருக்கு ஹைதராபாத் லட்சுமண் இல்லாமல் அணியே கிடையாது. ஆளாளுக்குப் பிடித்த பெயர்களை அடுக்கினால் பட்டியல் வரும், அணி வராது. முதல்முறை உட்காருபவர்களுக்காக, நான் செய்யும் வரிசையிலேயே சொல்கிறேன்.

முதலில், டெஸ்ட் மட்டும் என்று முடிவு செய்துகொள்ளுங்கள். ஒருநாள் ஆட்டத்தையும் கலந்தால் யுவராஜ் உள்ளே வருவார், கணக்கு கெடும்.

இரண்டாவது, காலி இடத்தை எண்ணுங்கள். ஓப்பனர் 2, கீப்பர் 1, பந்துவீச்சு 4. மிச்சம் 4 இடம். ‘ஒன் டவுன்’, அதாவது மூன்றாம் இடம், நடுவரிசையில் சேருமா என்ற தகராறு வேண்டாம், அதில் டிராவிட்டைப் போட்டு மூடிவிடுங்கள். டெஸ்டில் 31,258 பந்துகளைச் சந்தித்தவரிடம் வாதாட முடியாது. ஆக, 4, 5, 6 மட்டும்தான் நம் வேலை.

மூன்றாவது, பெயர்களை எழுதுங்கள்: ஹசாரே, உம்ரிகர், விஸ்வநாத், வெங்சர்க்கார், அசாருதீன், சச்சின், லட்சுமண், கோலி. பக்கத்தில் சராசரியையும் எழுதலாம், ஆனால் பென்சிலால். காரணம் அடுத்த படியில் இருக்கிறது.

நான்காவது படிதான் நேரம் எடுக்கும்: எண்ணை அந்தக் காலத்தோடும் எதிரணியோடும் சேர்த்துப் படிப்பது. விஸ்வநாத்தின் சராசரி 41.93, லட்சுமணுக்கு 45.97. இதை மட்டும் பார்த்தால் விஸ்வநாத் அங்கேயே அவுட். ஆனால் 1975 ஜனவரியில் சேப்பாக்கத்தில், வெஸ்ட் இண்டீஸின் ஆண்டி ராபர்ட்ஸ் 7 விக்கெட் எடுத்த இன்னிங்ஸில் இந்தியா அடித்த 190-இல் 97 அவருடையது, அதுவும் ஆட்டமிழக்காமல். ஹெல்மெட் கிடையாது. சதம் என்ற கட்டத்தில் அது வரவே வராது! ஹசாரேயும் அப்படித்தான். 30 டெஸ்ட், 2,192 ரன் என்றால் சின்னதாகத் தெரியும். 1948-இல் அடிலெய்டில், ஆஸ்திரேலிய வேகங்களான லிண்ட்வாலும் மில்லரும் வீசிய டெஸ்டில், 116, 145 என்று இரண்டு இன்னிங்ஸிலும் சதம். முதல் இன்னிங்ஸில் ஐந்து விக்கெட் போன பிறகு பட்கரோடு சேர்ந்து அணியைத் தூக்கி நிறுத்தினார். இரண்டாவதில் இந்தியாவின் மொத்தமே 277.

ஐந்தாவது, அந்த இடத்துக்கான வேலையை ஏற்கெனவே செய்து காட்டியவரா என்று பாருங்கள். நான்காம் இடம் சச்சினுக்கு. 15,921 ரன், 51 சதம், இதில் நேரத்தை வீணாக்காதீர்கள். கோலிக்குத்தான் சிக்கல். 2014 இங்கிலாந்துத் தொடரில் 134 ரன் எடுத்தவர், 2018-இல் அதே நாட்டில் 593 அடித்துப் பதில் சொன்னார். ஆனாலும் அவர் பெரும்பாலும் ஆடியது சச்சினின் இடத்தில்தான்.

ஆறாம் இடம் வேறு வேலை. இரண்டாவது புதுப் பந்தையும் சமாளிக்க வேண்டும், கடைசி ஆட்களையும் கூட்டிக்கொண்டு போக வேண்டும். இங்கே லட்சுமண் என்றதும் எல்லோரும் கொல்கத்தாவின் 281-ஐ எடுத்து நீட்டுவார்கள். அது மூன்றாம் இடத்தில் இறங்கி அடித்தது, ஆறாம் இடத்துக்குச் சாட்சி ஆகாது. சரியான சாட்சி 2010 மொஹாலி. ஆஸ்திரேலியாவுக்கு எதிராக 216 இலக்கு, முதுகுவலி, எதிர்முனையில் பந்துவீச்சாளர் இஷாந்த். 73 ரன்னுடன் கடைசிவரை நின்று ஒரு விக்கெட்டில் ஜெயிக்க வைத்தார். அதனால் ஆறு அவருக்கு. புத்தூர்க்காரருக்காக இல்லை.

அப்புறம் ஐந்து. இரண்டு பேர் சமமாக நின்றால் பந்து வீசுகிறவரை எடுங்கள். ஹசாரே மிதவேகம் வீசுவார், பிராட்மனையே அவுட் ஆக்கியவர். நான்கு பந்துவீச்சாளர்களோடு போகும் அணிக்கு அந்தச் சில ஓவர்கள் பெரிய உதவி. அதனால் என் ஐந்து ஹசாரே. விஸ்வநாத் பன்னிரண்டாவது ஆள், மனசு வராமல்தான் எழுதுகிறேன்.

கடைசியாக வரிசையை ஒருமுறை பார்த்தால் 3 முதல் 6 வரை எல்லோரும் வலதுகை. அதற்காக ஹசாரேயை எடுத்துவிட்டு கங்குலியைப் போட வேண்டியதில்லை. ஏழில் கீப்பராக ரிஷப் பந்த் வந்தால் இடதுகையும் கிடைத்துவிடும்.